சித்தப்பாவின் போனில் பூக்காரரைக் காணவில்லை

"எல்லாப் பாட்டும்தான் நெட்டில் கிடக்கே அக்கா, இதை எதுக்கு உட்கார்ந்து ஏத்திக்கிட்டு இருக்கே?" என்று தம்பி சென்னையிலிருந்து கேட்டான். சித்தப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டையெல்லாம் அவருடைய போனுக்கு மாற்றித் தரப் போகிறேன் என்று சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. பதில் சொல்ல வாயெடுத்தேன், உருப்படியாக ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் பாதி நியாயம் அவன் பக்கம்தான். சித்தப்பாவிடம் இருப்பதில் முக்கால்வாசி எண்பதுகளின், தொண்ணூறுகளின் சினிமாப் பாட்டு. அவையெல்லாம் இன்று ஏதாவது ஒரு ஆப்பில் இருக்கின்றன, சித்தப்பா வைத்திருக்கும் 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ விடத் துல்லியமாகவே இருக்கின்றன. "ஒக்கி புயலப்ப நாள்கணக்கா கரண்டும் இல்ல, டவரும் இல்ல, அப்ப உன் ஆப் எங்க பாடியிருக்கும்?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். 2017 நவம்பர் கடைசியில் நடந்தது இங்கே, கன்னியாகுமரி ஜில்லாவில், யாருக்கும் மறக்காது. ஆனால் அது வாதத்துக்காகச் சொன்னதுதான். மரம் விழுந்து பாதை அடைத்து, குடிக்கத் தண்ணீருக்கு அலைந்த அந்த நாள்களில் நாங்கள் யாரும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தம்பியும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

சித்தப்பா தக்கலையில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவர். முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும், மற்றவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். வெற்று கேசட்டும் ஒரு துண்டுத்தாளும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தாளில் பாட்டு வரிசை இருக்கும். படத்தின் பெயர் தெரியாதவர்கள் முதல் வரியை எழுதுவார்கள், முதல் வரியும் தெரியாதவர்கள் "நேத்து ராத்திரி ரேடியோவில் போட்டது" என்று எழுதுவார்கள். நாகர்கோவில் வானொலி நிலையம் 1984-ல் வந்தது. அதற்கு முன்பிருந்தே இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஊர். அதனால் அந்தத் துப்பு சித்தப்பாவுக்குப் போதும். 60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். தாளில் எழுதிய வரிசையிலேயே அடித்தால் பக்கம் முடியும்போது பாட்டு நடுவில் அறுந்துபோகும். அதனால் எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பதை மனதிலேயே கூட்டி, வந்தவரின் விருப்பமும் கெடாமல், கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில் டேப்பும் முடிகிற மாதிரி வரிசையை மாற்றிப் போடுவார். இதுதான் அவர் தொழிலின் சாமர்த்தியம். பாட்டைப் பதிவதற்கு மெஷின் இருக்கிறது, வரிசைக்கு அவர்தான். (இந்தத் தொழில் சட்டப்படி சரியா என்று கேட்டால், இல்லைதான். அன்றைக்குத் தெருவுக்கு ஒரு கடை இருந்தது, யாரும் கேட்கவில்லை.)

பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. சீடி எழுதிக் கொடுத்தார், அப்புறம் செல்போன் மெமரி கார்டில் பாட்டு ஏத்திக் கொடுத்தார். அந்தக் காலத்தில்தான் இன்று நான் மாட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சேகரிப்பு உருவானது. மற்ற கடைகளில் படத்தின் பெயர், இசையமைப்பாளர் பெயர் என்று ஃபோல்டர் வைத்திருப்பார்கள். சித்தப்பா ஆள் பெயரில் வைத்திருந்தார். சரியாகச் சொன்னால் ஆள் பெயரில்கூட இல்லை, தொழில் பெயரில். பூக்காரர், மினி பஸ், சலூன், பால் வெட்டு (ரப்பர் பால்தான்), அண்டியாபீஸ் (முந்திரி ஆலை), வாத்தியார், கல்யாண வீடு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஏ, பி என்று இரண்டு ஃபோல்டர். கேசட் ஒழிந்து பத்து வருஷம் ஆனபிறகும் அந்த இரண்டு பக்கத்தை அவர் விடவில்லை. 2016-க்குப் பிறகு டேட்டா விலை விழுந்தது, கார்டில் ஏத்திக்கொள்ள ஆள் வருவது நின்றது, கடையைக் காலி செய்தார். கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்து பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தது.

ஏத்துவது பெரிய வேலையில்லை

ஆனால் அதற்கு முன்னால் உள்ள வேலை பெரிது. கம்ப்யூட்டரில் ஓடுவது பழைய விண்டோஸ் எக்ஸ்பி. போனைக் கேபிளில் மாட்டினால் எக்ஸ்பிக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. இன்றைய ஆண்ட்ராய்டு போன்கள் பென் டிரைவ் போலத் திறப்பதில்லை, எம்டிபி என்ற வேறு முறையில் பேசுகின்றன. அதைப் புரிந்துகொள்ள எக்ஸ்பிக்குப் புதிய மீடியா பிளேயர் வேண்டும், அதை இந்தக் கம்ப்யூட்டரில் இனி எங்கே போய் ஏற்றுவது? சரி, மெமரி கார்டை நேராக மாட்டலாம் என்றால், 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, எக்ஸ்பி அதையும் தானாகப் படிக்காது. கடைசியில் ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிவிட்டேன். 80 ஜிபி, 40 ஊசி உள்ள பழைய ஐடிஇ வகை. அதை லேப்டாப்பில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் கிடைக்கிறது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பெரிய சைஸ் டிஸ்க் சுற்றுவதற்கு 12 வோல்ட் தேவை, யூஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட்தான். தனி அடாப்டரோடு வரும் கன்வெர்ட்டராகப் பார்த்து வாங்காவிட்டால் காசு வீண்.

டிஸ்க் சுற்றியது. நம்ம ஊர் ஈரத்தில், வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்த்து, கேசட்டெல்லாம் பூசணம் பிடித்த வீட்டில் அது உயிரோடு இருந்ததே பெரிய விஷயம். பாட்டு மட்டும் 40 ஜிபி இருந்தது. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி என்று கணக்குப் போட்டால், ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓடினாலும் நாலு வாரம் வரும். இதை எம்டிபி வழியாகப் போனுக்குள் தள்ளினால், ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் என்பதால், பாதியில் எங்கேயாவது நின்று எது போனது எது போகவில்லை என்று தெரியாமல் முழிக்க வேண்டும். கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு, ஃபோல்டர் அமைப்பு மாறாமல் அப்படியே காப்பி செய்தேன். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் முடிந்திருந்தது. ஒரு பிரதியை என் லேப்டாப்பிலும் வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஆள்கள் எங்கே

சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தார். அந்தப் போனோடு வந்த பாட்டு ஆப்பைத் திறந்திருந்தேன். கொஞ்ச நேரம் மேலும் கீழும் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தள்ளினார். "மக்கா, பூக்காரரு எங்க போனாரு?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஃபோல்டர்கள் கார்டில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் ஆப்புக்கு அது தேவையில்லை. அது ஒவ்வொரு எம்பி3-க்கும் உள்ளே ஒட்டியிருக்கும் ஐடி3 குறிப்பைப் படித்து, ஆல்பம், ஆர்ட்டிஸ்ட் என்று தன் இஷ்டத்துக்குப் பிரித்து அடுக்கிவிடுகிறது. அந்தக் குறிப்பில் என்ன இருந்தது என்கிறீர்கள்? பாதிப் பாட்டுக்குப் பாடகர் என்ற இடத்தில், பாட்டை முதலில் இறக்கிய ஏதோ ஒரு வெப்சைட்டின் விலாசம். ஆக சித்தப்பாவின் போனில் மிகப் பெரிய பாடகர் ஒரு வெப்சைட். அவர் ஆயிரக்கணக்கில் பாடியிருக்கிறார். அடுத்த பெரிய பாடகர் 'தெரியாதவர்'. மிச்சப் பாட்டுகளின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது, ஏனென்றால் 1996-ல் வந்த முதல் ஐடி3 முறையில் பாட்டின் பெயருக்கு 30 பைட்தான் இடம். ஆங்கில எழுத்து என்பதால் இந்த மட்டுக்காவது வந்தது. எழுத்தைச் சேமிக்கும் இன்றைய யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், அதில் புள்ளியும் காலும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறி. 'கன்னியாகுமரி' என்று எழுதவே 12 குறி, 36 பைட், நம்ம ஜில்லாவின் பெயரே அந்த இடத்தில் கொள்ளாது. பின்னால் வந்த முறைகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பழைய ஃபைல்கள் பழைய ஃபைல்கள்தான்.

குறிப்பு எல்லாம் சரியாகவே இருந்திருந்தாலும் எனக்கு இந்த அடுக்கு பிடித்திருக்காது. தனியாக ஒருவர் பாடி, அவரே ஆல்பம் வெளியிடுகிற இடத்தில் வளர்ந்தவர்கள் யோசித்த அமைப்பு இது. நம் சினிமாப் பாட்டில் ஆர்ட்டிஸ்ட் என்ற ஒரே கட்டத்தில் யாரைப் போடுவது? பாடியவர்கள் இரண்டு பேர், இசையமைத்தவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், திரையில் வாயசைத்தவர் வேறொருவர். பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் அந்தப் பாட்டை எப்படிக் கேட்பார் என்றால், அந்த ஹீரோ படத்துப் பாட்டு என்றுதான் கேட்பார். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ஐடி3-ன் இரண்டாம் முறையில் தனிக் கட்டமே இருக்கிறது. போனில் வரும் ஆப்கள் பல அதைக் கண்டுகொள்வதில்லை.

உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திவிடலாமா என்று யோசித்தேன். அதற்கு நல்ல மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு, எம்பி3டேக் போன்றவை. படம், வருஷம், இசை, பாடகர் என்று ஒழுங்காக நிரப்பி, அட்டைப்படமும் ஒட்டி, பார்ப்பதற்கு ஆன்லைன் ஆப் மாதிரியே ஆக்கிவிடலாம். சித்தப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் உண்டும் மக்கா, ஆனா நான் அப்படித் தேட மாட்டேன்" என்றார். அப்புறம் அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விஷயம் விளங்கியது. ஒரு பாட்டை நினைத்தால் அவருக்குப் படம் நினைவுக்கு வருவதில்லை, அதைக் கேட்டு வந்த ஆள் நினைவுக்கு வருகிறார். பூக்காரர் விடியற்காலை தோவாளைக்குப் போய்ப் பூ எடுத்து வருகிறவர், இருட்டில் கேட்கிறவர் என்பதால் சோகப்பாட்டு ஒன்றுகூடக் கூடாது என்பார். பால் வெட்டுகிறவரும் இருட்டில்தான் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறார், அவருக்கோ சோகப்பாட்டு மட்டும்தான் வேண்டும், அதிலும் பாதி மலையாளம். அண்டியாபீஸில் பருப்பு உடைக்கும் பெண்கள் சேர்ந்து காசு போட்டு ஒரு கார்டு ஏத்துவார்கள், அதில் கிறிஸ்தவப் பாட்டும் அம்மன் பாட்டும் நாகூர் ஹனிபாவும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும், யாருடையதும் அடுத்தடுத்து இரண்டு வரக்கூடாது. அந்த வரிசையை உண்டாக்க அவர் பட்ட பாட்டை இப்போதும் ரசித்துச் சொல்கிறார். வாத்தியார் ஃபோல்டரில் ஒரே பாட்டு இரண்டு தடவை இருக்கும், பி பக்கத்தின் முதலும் கடைசியும். ஏன் என்று சித்தப்பா கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் தம்பியின் கேள்வி எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பாட்டு நெட்டில் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. நெட்டில் இல்லாதது, எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்று தக்கலையில் ஒருவர் இன்னொருவருக்காக யோசித்துப் போட்ட கணக்கு. அது எந்த எம்பி3-க்குள்ளும் எழுதப்படவில்லை. ஃபோல்டர் பெயரிலும் ஃபைல் வரிசையிலும்தான் இருக்கிறது, போன் முதல் வேலையாகத் தூக்கி எறிவதும் அவை இரண்டையும்தான்.

வில்லுப்பாட்டும் பத்தாம் நம்பரும்

பிறகு நடந்தது சுலபம். ஃபோல்டரை அப்படியே காட்டும் பிளேயர்கள் உண்டு, விஎல்சி அதில் ஒன்று. அதைப் போட்டதும் பூக்காரர், சலூன், மினி பஸ் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் வில்லுப்பாட்டு உதைத்தது.

சுற்றுவட்டாரக் கோயில் கொடை விழாக்களில் ராத்திரி முழுக்க நடக்கும் வில்லுப்பாட்டை, ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே டெக்கை வைத்து சித்தப்பா பதிவு செய்திருக்கிறார். 90 நிமிடக் கேசட், பக்கத்துக்கு 45 நிமிடம். கேசட்டைத் திருப்பிப் போடும் நேரத்தில் இரண்டு மூன்று வரி போய்விடும், அதற்காக வில்லுக்கு வலத்தே இருந்து கதையை நடத்திப் பாடுகிறவர் அடுத்த அடியை எடுக்கும்முன், இடத்தே இருந்து பின்பாட்டுப் பாடுகிறவர்கள் இழுக்கிற நேரம் பார்த்துத் திருப்புவாராம். தக்கலை பீர் முகமது அப்பா தர்காவில் அவர் எழுதிய ஞானப்புகழ்ச்சியைப் பாடும் ராத்திரியும் இதே மாதிரி இருக்கிறது. பின்னாளில் இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 1, 2, 3 என்று எண் கொடுத்து வைத்திருந்தார். எக்ஸ்பி கெட்டிக்காரத்தனமாக 2-க்குப் பிறகு 3, 9-க்குப் பிறகு 10 என்று எண்ணாகவே படித்துக் காட்டும். போனில் நான் போட்ட பிளேயர் எழுத்தெழுத்தாகப் பார்த்து 1, அப்புறம் 10, 11, 12, அதற்குப் பிறகுதான் 2 என்று அடுக்கியது. சுடலைமாடன் கதையில் பிறப்பு முடிந்த கையோடு கதையின் கடைசிக்குப் போய்விட்டது. சித்தப்பா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். 1 முதல் 9 வரை உள்ளவற்றுக்கு முன்னால் ஒரு சைபர் சேர்த்து 01, 02 என்று மாற்றினேன், சரியானது. ஆனாலும் ஒரு ஃபைல் முடிந்து அடுத்தது தொடங்கும்போது துளி இடைவெளி விழுகிறது. எம்பி3 தன் கட்டங்களை நிரப்புவதற்காக முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துக்கொள்ளும், அதை வெட்டி ஒட்டத் தெரிந்த பிளேயர் இருந்தால்தான் சேர்ந்து கேட்கும். சித்தப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. கேசட்டைத் திருப்பும்போது இதைவிட அதிகம் போயிருக்கிறது என்றார்.

இன்னொரு பிரச்சினையை நான்தான் கிளப்பினேன். இருபது முப்பது ஹிட் பாட்டுகள் ஏறக்குறைய எல்லா ஃபோல்டரிலும் இருக்கின்றன. போனில் இருக்கும் சுத்தம் செய்யும் ஆப் ஒன்று, ஒரே மாதிரி ஃபைல்கள் குவிந்து கிடக்கின்றன, அழிக்கட்டுமா என்று தினமும் கேட்கிறது. நியாயமான வழி ஒன்று உண்டு: ஒவ்வொரு பாட்டையும் ஒரே ஒரு தடவை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு எம்3யூ பட்டியல் எழுதுவது. பட்டியல் என்பது ஃபைல் இருக்கும் பாதையைச் சொல்லும் வெறும் எழுத்துதான், கம்ப்யூட்டரின் டி டிரைவைச் சொல்லாமல் பட்டியல் இருக்கும் இடத்திலிருந்து பாதையை எழுதினால் போனிலும் ஓடும். இடம் மிச்சமாகும். இதை விளக்கி முடித்ததும் சித்தப்பா, "ஒண்ணும் அழிக்காண்டாம். அது சலூன்காரருக்கப் பாட்டு, இது பஸ்காரருக்கது, கேட்டியா" என்றார். இரண்டும் ஒரே ஃபைல், ஒரு பைட்கூட வித்தியாசம் இல்லை என்று நான் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கார்டில் இடம் நிறையக் கிடக்கிறது. அந்தச் சுத்தம் செய்யும் ஆப்பைத்தான் நீக்கினேன்.

அடுத்த போன் வாங்கும்போது கார்டு போடும் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் பல போன்களில் அது இல்லை. அவருக்கு அந்தக் கவலை இல்லை, வேறு வேலை வந்துவிட்டது. மினி பஸ் ஓட்டியவர் இப்போது மகனுடைய காரில்தான் போகிறார், தன் ஃபோல்டர் இன்னும் இருக்கிறதென்று கேள்விப்பட்டு ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். மொத்தமாக இழுத்துப் போட்டுவிடலாம் என்று நான் கையை வைத்தேன், சித்தப்பா தடுத்துவிட்டார். விலை குறைந்த கார் செட்டுகள் பெயரையும் பார்க்காது, எண்ணையும் பார்க்காது, பென் டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதைத்தான் முதலில் பாடும் என்றார், மெமரி கார்டு காலத்தில் கற்றுக்கொண்டது. அவர் சொன்னது சரிதான், தேடிப் பார்த்தேன். அதனால் ஏ பக்கத்தின் முதல் பாட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காப்பி செய்துகொண்டிருக்கிறோம், அவர் பெயரைச் சொல்கிறார், நான் இழுத்துப் போடுகிறேன், நடுநடுவே மார்த்தாண்டத்தில் மேம்பாலம் கட்டுவதற்கு முந்தைய காலத்தில் அந்த பஸ் எந்த ரோட்டில் போய் மாட்டிக்கொள்ளும் என்ற கதையும் நடக்கிறது.